வாய் நிறையத் தண்ணீர், ஒரு சமூகவியல் பரீட்சை

மூன்றாம் வகுப்பு ‘ஆ’ பிரிவுப் பிள்ளைகள் அத்தனை பேரும் வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

தண்டனை இல்லை. வேண்டுதலும் இல்லை. பாடாமல் பரீட்சை எழுத அவர்களே கண்டுபிடித்த வழி அது.

கன்னங்கள் பூரி மாதிரி உப்பியிருந்தன. கண்கள் பிதுங்கியிருந்தன. பென்சில்கள் தாளில் உராயும் சத்தமும், எங்கேயோ ஒரு மூலையில் யாரோ ஒரு வாய் விழுங்கிய ‘களக்’கும் தவிர வேறு சத்தமே இல்லை. தலைமையாசிரியை எஸ்தர் டீச்சர் கையில் ஸ்கேலோடு வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு கன்னத்தையும் குனிந்து பார்த்து, வற்றிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் தம்ளரைக் காட்டுவார். அந்தப் பிள்ளை ஓடிப்போய் ஒரு மடக்கு நிரப்பிக்கொண்டு வந்து உட்காரும்.

வாசலை ஒட்டிப் போட்ட நாற்காலியில் அழகர்சாமி என்கிற ஒரு தகப்பனார் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கத்தி மாதிரி மடிப்பு. ‘பாட்டுப் பாடிப் படிக்கிறது ஒரு படிப்பா?’ என்று புகார் கொடுத்தவர் அவர்தான். புகார் கொடுத்தவரே சாட்சியாக இருக்கட்டும் என்று எஸ்தர் டீச்சர் அவரை அழைத்திருந்தார்.

நான் பின்சுவரில் சாய்ந்து, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன். என்னுடையது தற்காலிக டீச்சர் வேலை. அந்தப் பரீட்சையில் பிள்ளைகள் கோட்டைவிட்டால் பாட்டும் போகும், பாட்டைக் கொண்டுவந்த நானும் போக வேண்டியிருக்கும். பயந்து நடுங்க வேண்டிய நேரம். ஆனால் பயம் கூடக் கூடச் சிரிப்பும் கூடுகிற பிறவி நான்.

எப்படி இந்த நிலைமைக்கு வந்தோம் என்று சொல்லிவிடுகிறேன்.

தெற்குப் பக்கக் கதவு

அது எண்பதுகள் முடிந்துகொண்டிருந்த சமயம். அம்பத்தூர் மேனாம்பேட்டில் ஓடு வேய்ந்த ஒரு சின்னத் தொடக்கப் பள்ளிக்கூடம். பூந்தமல்லியிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போவேன். ஆசிரியப் பயிற்சி முடித்த சூடு இன்னும் ஆறாத வயசு. மூன்றாம் வகுப்பில் இரண்டு பிரிவு. ‘அ’ பிரிவுக்கு எஸ்தர் டீச்சரே சமூகவியல் எடுப்பார். ‘ஆ’ பிரிவு என் தலையில். நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான் மறைப்பு. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் ஆயுசு நூறு சொல்லலாம்.

சமூகவியல் என்றால் எங்கள் பிள்ளைகளுக்குத் தூக்க மருந்து. அதுவும் மதியத்துக்கு மேலே, தொழிற்பேட்டைப் பக்கமிருந்து பிஸ்கெட் வேகும் வாசனை காற்றில் வருகிற நேரத்தில், ‘கதிரவன் உதிக்கும் திசை கிழக்கு’ என்று நான் வாசித்தால் முதல் வரிசையே சாமியாடும்.

ஒரு நாள் டில்லிபாபுவை எழுப்பி, “மேற்கே எந்த ஊர் இருக்கிறது?” என்று கேட்டேன். ஆட்டோக்காரர் மகன். ஊர் வழியெல்லாம் அவனுக்கு அத்துப்படி என்று நம்பிக் கேட்டேன்.

“தெர்ல டீச்சர்” என்றான்.

“உங்க அப்பா ஆவடிக்குச் சவாரி போகும்போது எந்தப் பக்கம் திரும்புவார்?”

“பீச்சாங்கைப் பக்கம் டீச்சர்.”

பதில் தப்பே இல்லை. புத்தகம்தான் அவனுக்குப் புரியாத பாஷையில் பேசிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது நெற்றியைக் கம்பியில் முட்டுக்கொடுத்துக்கொண்டு, சுற்றியுள்ள ஊர்களை வைத்து ஒரு பாட்டு கட்டினேன். மறுநாள் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டிப் பாடினேன்:

*கிழக்கே திரும்பு பாடி,*
*மேற்கே திரும்பு ஆவடி,*
*வடக்கே புழல் ஏரித் தண்ணி,*
*வாயைத் திறந்து குடி!*
*தெற்கே திருவேற்காடு,*
*தேடித் தேடி ஓடு!*

முதல் தடவை திரும்பினார்கள். இரண்டாம் தடவை குதித்துத் திரும்பினார்கள். மூன்றாம் தடவை ‘ஓடு’ என்று நான் சொன்னதும் மொத்த வகுப்பும் ஓடிவிட்டது. எங்கள் வகுப்பின் கதவு தெற்குப் பக்கம் என்பதை நான் யோசிக்கவில்லை. மைதானத்தைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, எதிரே இருந்த மாவு மில் வரைக்கும் போய்விட்டார்கள். மில்காரர் கையை அகல விரித்து மந்தையை மறிக்கிற மாதிரி மறித்து அனுப்பினார்.

“எங்கேடா போனீங்க?” என்று மூச்சு வாங்கக் கேட்டேன்.

“வேற்காட்டுக்கு டீச்சர்” என்றான் டில்லிபாபு. “நீதான ஓடச் சொன்ன.”

அதன் பிறகு அந்த வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் தெற்கு எது என்று சந்தேகம் வந்ததில்லை.

கண்டக்டர் கொடுத்த மீனாட்சி

பாட்டுக் கட்டும் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் என் தம்பியைத்தான் கை காட்ட வேண்டும். சின்ன வயசில் அவனுக்கு வாய்ப்பாடு ஏறவே ஏறாது. எப்படியோ அதை ஒரு சர்ச் பாட்டு ராகத்தில் போட்டு மனப்பாடம் செய்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சபையே எழுந்து நின்று பாடும்போது, இவன் மட்டும் பக்தி சொட்டச் சொட்ட “ஏழெட்டு ஐம்பத்தாறு” என்று உச்சஸ்தாயியில் பாடினான். முன்வரிசையிலிருந்து அம்மா திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் ஏழாம் வாய்ப்பாட்டில் அவன் அதற்கப்புறம் தவறவே இல்லை.

திசைப் பாட்டு பலித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏரிக்கு ஒன்று, ரயிலுக்கு ஒன்று, மழை நீர் எங்கே போகிறது என்பதற்கு ஒன்று. பூந்தமல்லி பஸ்ஸில் மல்லிகைக் கூடைகள் ஏறும். ஈரச் சாக்குப் போட்டு மூடியிருப்பார்கள். அந்தக் கூடைகளுக்கு நடுவே இடம் பிடித்து உட்கார்ந்து, விரல் மடக்கி, உதட்டை அசைத்து, அடி எண்ணிக்கொண்டே போவேன்.

கண்டக்டர் ஒரு நாள் கேட்டே விட்டார். “இன்னா டீச்சர், தனியா பேசிக்கினு கீறீங்க? ஊட்ல எதுனா பிரச்னையா?”

“ஒண்ணுமில்லீங்க. ‘நகராட்சி’யோட சேர்ந்து முடியற வார்த்தை கிடைக்கல.”

அவர் விசிலை வாயில் வைத்து, எடுத்து, யோசித்தார். அடுத்த ஸ்டாப்பிங்கில் ஆள் இறங்கி ஏறி, டிக்கெட் கிழித்து முடித்துவிட்டு என்னிடம் வந்து குனிந்தார்.

“மீனாட்சி.”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன்:

*தெருவைப் பெருக்கும் நகராட்சி,*
*விளக்கைப் போடும் நகராட்சி,*
*குப்பையை வெளியே கொட்டாதே,*
*கேட்டுக்கோ நீ மீனாட்சி!*

எங்கள் வகுப்பில் இரண்டு மீனாட்சிகள் இருந்தார்கள். ஒருத்தி, தன் பெயர் பாட்டில் வந்துவிட்டது என்று பூரித்துப்போனாள். இன்னொருத்தி, “நான் எப்ப டீச்சர் குப்பை கொட்டினேன்?” என்று தேம்பித் தேம்பி அழுதாள். வாரத்துக்கு ஒரு மீனாட்சி என்று முறை வைத்துச் சமாதானம் செய்தேன்.

உஷ்!

அப்புறம் ‘நமக்கு உதவுவோர்’ பாடம் வந்தது. புத்தகத்தில் உழவர், குயவர், நெசவாளர், தச்சர் என்று படத்தோடு இருந்தார்கள். படத்திலிருந்த யாரையும் என் பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்கள் வீடுகளில் இருந்தது லேத் ஓட்டுபவர், வாட்ச்மேன், இட்லிக் கடைக்காரர், பஸ் மெக்கானிக்.

“உங்க வீட்டுல யார் என்ன வேலை செய்யறாங்களோ, அதை நீங்களே பாட்டாக் கட்டிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் டில்லிபாபு பெஞ்சின் மேல் ஏறி நின்றான்:

*எங்கப்பா ஆட்டோ மூணு சக்கரம்,*
*ஏறி உக்காந்தா தல சுத்தும்,*
*மீட்டர் கீது, ஓடாது,*
*மெட்ராஸ் தாண்டிப் போவாது!*

வகுப்பு அதிர்ந்தது. தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து எஸ்தர் டீச்சரின் ஸ்கேல் மேஜையில் விழுந்தது.

அப்போது எழுந்தாள் தமயந்தி. அதுவரை அவள் வாயைத் திறந்து நான் அதிகம் கேட்டதில்லை. இரட்டைச் சடை, மூக்குக்குக் கீழே எப்போதும் ஒரு புள்ளி சாக்பீஸ் தூள். அவள் அப்பா அழகர்சாமி மதுரைப் பக்கத்திலிருந்து வந்து, ஆவடியில் ராணுவத்துக்கான தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்ப்பவர். என்ன வேலை என்று கேட்டால் சொல்ல மாட்டாராம். அதனால் பிள்ளைகளுக்கு அவள் மேல் ஒரு சந்தேகம் கலந்த மரியாதை. அவள் சுட்டுவிரலை உதட்டில் வைத்துக்கொண்டு, ரகசியக் குரலில் ஆரம்பித்தாள்:

*எங்கப்பா பண்ற வண்டிக்கு*
*ரோடே வேணாம் – உஷ்!*
*எதிர்ல மலையே நின்னாலும்*
*ஏறிப் போகும் – உஷ்!*
*இரும்புத் தோலு, நீள மூக்கு,*
*இதுக்கு மேல – உஷ்!*
*எங்கப்பா வாயத் திறக்க மாட்டார்,*
*எதிரி கேப்பான் – உஷ்!*

இரண்டாவது ‘உஷ்’ஷுக்கே வகுப்பு சேர்ந்துகொண்டது. கடைசி ‘உஷ்’ஷுக்கு எல்லா விரலும் எல்லா உதட்டிலும் இருந்தன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எட்டு வயசுப் பெண்! நான் பஸ்ஸில் நெற்றி தேய்த்துக் கட்டிய பாட்டெல்லாம் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

அந்தப் பாட்டு அன்று மாலையே பள்ளிக்கூடத்தைவிட்டு வெளியே போய்விட்டது. ஒரு வாரத்தில் மேனாம்பேட்டுத் தெருக்களில் கோலி விளையாடுகிற பையன்கள், குழாயடியில் நிற்கிற பெண்கள், ஐஸ் வண்டிக்காரர் என்று எல்லோரும் விரலை உதட்டில் வைத்து ‘உஷ்’ சொல்ல ஆரம்பித்தார்கள். தமயந்தி தெருவில் நடந்தால் பின்னாலேயே ஒரு கூட்டம் பாடிக்கொண்டு போகும். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

முனகிய பரீட்சை

காலாண்டுப் பரீட்சை வந்தது. இரண்டு பிரிவையும் கலந்து உட்கார வைப்பது வழக்கம். ஒரு பெஞ்சில் ‘அ’ ஒன்று, ‘ஆ’ ஒன்று. காப்பி அடிக்கக் கூடாதாம்.

எஸ்தர் டீச்சர் கேள்வியை வாசித்ததும் என் பிள்ளைகள் பாட ஆரம்பித்தார்கள். உரக்க இல்லை. உதட்டுக்குள், ம்ம்ம் என்று, வார்த்தை பாதி தெரிகிற மாதிரி. காலால் தாளம். எழுதுகிற கை ஒரு பக்கம், மடியில் தட்டுகிற கை ஒரு பக்கம். கூடம் முழுக்கத் தேன்கூட்டைக் கலைத்தது போல ரீங்காரம். ‘சத்தம்!’ என்று எஸ்தர் டீச்சர் அதட்டினால் ஒரு நொடி நிற்கும். மறுபடி எங்கிருந்தோ ஒரு ‘ம்ம்’ கிளம்பும்.

தாள்கள் திருத்தி முடித்தபோது இரண்டு பிரிவுமே பிரமாதமாக எழுதியிருந்தன. எஸ்தர் டீச்சருக்கு முதலில் முகமெல்லாம் மலர்ச்சி. கடைசியில் தன் ‘அ’ பிரிவுப் பையன் ஒருவனின் விடைத்தாளை என்னிடம் நீட்டினார். பாட்டையே கற்றுக்கொள்ளாத பையன் அவன். ‘தெற்கே உள்ள ஊர் எது?’ என்ற கேள்விக்கு அழகான கையெழுத்தில் எழுதியிருந்தான்: ‘திருவேற்காடு, தேடித் தேடி ஓடு.’

“என்னம்மா ரோஸ்லின் இது?”

நான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்தது. மூடிக்கொண்டேன்.

“உன் பிள்ளைங்க பாடுறதைக் கேட்டு என் பிள்ளைங்க காப்பி அடிச்சிருக்காங்க. காதால காப்பி! என் சர்வீஸ்ல பார்த்ததில்ல.”

அதே வாரம்தான் அழகர்சாமி புகாரோடு வந்தார். எஸ்தர் டீச்சரின் மேஜைக்கு முன்னால் விறைப்பாக நின்றார். என்னை நேராகப் பார்க்கவில்லை.

“பிள்ளைகளைப் படிக்க அனுப்புறோம்ங்க. பாட்டும் கூத்துமா இருந்தா எப்படி? தெருவுல தலைகாட்ட முடியல. பாட்டை நிறுத்தச் சொல்லுங்க.”

தெருவில் ஏன் தலைகாட்ட முடியவில்லை என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கண்டிப்பான அப்பா என்று நினைத்துக்கொண்டேன். தமயந்தி இரண்டு நாள் என்னிடம் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள்.

எஸ்தர் டீச்சர் நியாயஸ்தர். யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார். “உன் வகுப்புக்கு மட்டும் மறுபடி பரீட்சை. ஒரு முனகல் இருக்கக் கூடாது. அப்பவும் எழுதினாங்கன்னா பாட்டு மண்டைக்குள்ள போயிருக்கு, இருக்கட்டும். எழுதலைன்னா, அன்னிக்கே நிறுத்திடணும். மேல இருக்கிறவங்க கேட்டா நானும் உனக்குப் பரிஞ்சு பேச முடியாது.”

வகுப்பில் வந்து சொன்னேன். பிள்ளைகள் முகம் தொங்கிப்போனது. ‘பாடாம எப்டி டீச்சர், அதுவா வருது’ என்றார்கள். டில்லிபாபுதான் எழுந்தான்.

“டீச்சர், வாய்ல தண்ணி வெச்சிக்கினா?”

மறுபடியும் கன்னங்கள்

அப்படித்தான் அந்தக் காலையில் எல்லோரும் கைப்பம்பு அடியில் வரிசையாக நின்று வாயை நிரப்பிக்கொண்டு உள்ளே போனார்கள்.

எல்லாம் நன்றாகவே போனது. திசை வந்தது, எழுதினார்கள். நகராட்சியின் பணிகள் வந்தன, எழுதினார்கள். இரண்டு மீனாட்சிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எழுதினார்கள். தலைகள் மட்டும் தாளத்துக்கு லேசாக ஆடின. தலை ஆட்டக் கூடாது என்று சட்டம் இல்லை. எஸ்தர் டீச்சரின் புருவம் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்துவிட்டது.

கடைசிக் கேள்வி. அவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, வாசலோரம் உட்கார்ந்திருந்தவருக்கும் மரியாதை செய்கிற மாதிரி அந்தப் பக்கம் லேசாகத் திரும்பி, கணீரென்று வாசித்தார்:

“ராணுவத்துக்கான பீரங்கி வண்டிகள், நம் ஊருக்கு அருகில் எங்கே செய்யப்படுகின்றன?”

வகுப்பு முழுவதும், ஒரே நேரத்தில், சுட்டுவிரலை உதட்டில் வைத்தது.

வாயில் தண்ணீரோடு ‘உஷ்’ சொல்ல முடியாது. அதை அன்றைக்கு நிரூபித்தோம். டில்லிபாபுவிடமிருந்து முதல் பீச்சல் கிளம்பியது. அது முன்னால் இருந்த மீனாட்சியின் பிடரியில் பட, அவள் சிரிக்க, அவள் தண்ணீர் பக்கத்துக்காரி மேல் பட, அடுத்த நொடி எங்கும் நீரூற்று. எஸ்தர் டீச்சர் நடுவில் நின்றார். கண்ணாடியிலிருந்து சொட்டியது. அழகர்சாமியின் கத்தி மடிப்புச் சட்டை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் பெஞ்சில் விழுந்து, தரையில் விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் தலைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்து சிரித்தேன். வேலை போனால் போகட்டும் என்று சிரித்தேன்.

எஸ்தர் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஈரத் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துப் பார்த்தார். பென்சிலில் எழுதியதால் எதுவும் அழியவில்லை. வகுப்பு மெல்ல அடங்கியது.

“நனைஞ்சிருக்கு” என்றார். இன்னொரு தாளைப் புரட்டினார். “ஆனா எழுதியிருக்குதுங்க.” என் பக்கம் திரும்பினார். “பாட்டு இருக்கட்டும் ரோஸ்லின். தண்ணி வேண்டாம்.”

அப்போது பிள்ளைகள் போட்ட கூச்சலை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

வெயிலில் காய்ந்த சட்டை

அழகர்சாமி கோபமாகக் கிளம்பிப் போயிருப்பார் என்று நினைத்தேன். வெளியே வந்து பார்த்தால் வேப்பமரத்தடி தாண்டி வெயிலில் நின்று சட்டையை உதறிக்கொண்டிருந்தார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பதறிக் கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“மன்னிச்சுக்கோங்க சார்” என்றேன்.

“அட, நீங்க எதுக்குங்க? இப்படிச் சிரிச்சு எம்புட்டு நாளாச்சு.” சிரிப்பு நின்றதும் அவர் முகம் மாறியது. சுற்றுமுற்றும் பார்த்தார். “டீச்சர், ஒரு விஷயம். எனக்குப் பாட்டு மேல கோபம் இல்லைங்க. அந்த ஒரு பாட்டு, அந்த உஷ்ஷு, அதை மட்டும் நிறுத்தணும். நான் டாங்கி பண்ற ஃபேக்டரியில வேலை பார்க்கலங்க.”

எனக்குப் புரியவில்லை.

“ஆவடியில அது ஒண்ணுதானா? பட்டாளத்துக்குத் துணி தைக்கிற ஃபேக்டரியும் இருக்குல்ல. நான் அங்கதான். காஜா செக்‌ஷன்.”

“அப்ப ஏன்…”

“எம்மவளச் சின்னப் பிள்ளையில ஒருநா சைக்கிள்ல வச்சுக் கூட்டிப் போனேன். ரோட்டுல ஒரு டாங்கி போச்சு. ‘அப்பா, நீ செஞ்சதா’ன்னு கண்ணை இம்புட்டுப் பெருசா வச்சுக்கிட்டுக் கேட்டுச்சு. இல்லைன்னு சொல்ல வாய் வரலைங்க. அப்புறம் கேக்கும்போதெல்லாம் ‘சொல்லக் கூடாது தாயி, ரகசியம்’னுட்டேன். எங்க தெருவுல நாலு பேரு நெசமாவே டாங்கி ஃபேக்டரி ஆளுக. பாட்டைக் கேட்டுட்டு ‘அண்ணே, எந்த செக்‌ஷன்?’னு கேட்டுச் சிரிக்கிறாங்க. எம்மவ காதுல விழுந்தா…”

அவர் நிறுத்தினார். என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பினேன். அப்பாவுக்குத் துடைத்துக்கொள்ளத் துண்டு கொண்டுவந்த தமயந்தி, அதை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றிருந்தாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்பது தெரிந்தது. அதுவரை எனக்குள் பொங்கிக்கொண்டிருந்த சிரிப்பெல்லாம் வடிந்துபோனது.

“காஜான்னா என்னப்பா?” என்றாள்.

அழகர்சாமி குனிந்தார். தன் ஈரச் சட்டையின் முதல் பட்டனைக் கழற்றி, அந்தத் துளையைக் காட்டினார். “இந்த ஓட்டைதான் தாயி. பட்டன் மாட்டுறதுக்கு.”

அவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிட்டே வந்தாள். துளையைச் சுற்றியிருந்த தையலை விரலால் தடவிப் பார்த்தாள். பட்டனை மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள். துண்டை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி வகுப்புக்குள் போய்விட்டாள்.

“நல்லதுக்குன்னு நினைச்சேங்க” என்றார் அவர்.

எந்தக் கை?

நான் ஓடினேன். வகுப்புக்குள் பிள்ளைகள் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். தமயந்தி நடுவில் போய் நின்று, யாரும் கேட்காமலே சொன்னாள்:

“எங்கப்பா டாங்கி பண்ணல. பட்டாளத்துச் சட்டைக்குக் காஜா போடுறாரு.”

துடைக்கிற கைகள் நின்றன. ஒரே ஒரு கேலிச் சிரிப்பு வந்தாலும் இந்தப் பெண் இனி வாயைத் திறக்க மாட்டாள். நான் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

“டாங்கி இல்லியா?” என்றான் டில்லிபாபு.

“இல்ல.”

“வெறும் பட்டனா?”

“பட்டன்கூட இல்ல. பட்டன் ஓட்டை.”

டில்லிபாபு யோசித்தான். யோசிக்கும்போது அவன் கை தன் டவுசரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதில் பட்டன் இல்லை. ஊக்கு குத்தியிருந்தான், அன்றைய கலவரத்தில் ஊக்கும் போய்விட்டது. மெல்லக் குனிந்து தன் கையைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

“டேய்! பட்டன் நிக்கலன்னா சோல்ஜருக்கு டவுசர் அவுந்துரும்டா! ஒரு கைல டவுசர் புட்ச்சிகினு எப்டிரா சுடுவான்?”

அப்புறம் வகுப்பு வெடித்தது. தமயந்திதான் முதலில் சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சே வந்தது. யாரோ ஒரு வரி சொல்ல, யாரோ அதைத் திருத்த, இரண்டு மீனாட்சிகள் சண்டை போட்டு மூன்றாவது வரியை உண்டாக்க, மணி அடிப்பதற்குள் பாட்டு தயார். கடைசி இரண்டு வரியையும் தமயந்தியே கொடுத்தாள்:

*பட்டாளத்து மாமாவுக்குப்*
*பட்டன் இல்லன்னா இன்னாவும்?*
*ஒரு கையில துப்பாக்கி,*
*ஒரு கையில டவுசராம்!*
*எதிரி எதிர்ல நிக்கையில*
*எந்தக் கையைத் தூக்குவார்?*
*எங்கப்பா காஜா போட்டுத் தந்தா*
*ரெண்டு கையால் தாக்குவார்!*

ஒரு கையால் டவுசரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் துப்பாக்கி நீட்டி, வகுப்பைச் சுற்றிச் சுற்றி அணிவகுப்பு. ஜன்னல் கம்பிக்கு வெளியே அழகர்சாமியின் முகம் தெரிந்தது. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஈரம் எல்லாம் எப்போதோ காய்ந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை

அந்தச் சனிக்கிழமை அரை நாள் பள்ளி. அழகர்சாமி மகளோடு வந்தார். கையில் ஊசி, நூல்கண்டுகள், ஒரு டப்பா நிறைய விதவிதமான பட்டன்கள்.

“பிள்ளைக சட்டையெல்லாம் பார்த்தேங்க அன்னைக்கு” என்றார். “முக்கால்வாசி ஊக்குலதான் நிக்குது.”

மூன்றாம் வகுப்புப் பெஞ்சில் முழங்கால் மோவாயைத் தொட உட்கார்ந்துகொண்டார். முதலில் டில்லிபாபு. அவனைப் பெஞ்சின் மேல் ஏற்றி நிற்கவைத்து, ஊசியை எடுத்தார். கை ஓடிய வேகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் வாய் பிளந்து நின்றார்கள். நூல் போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. கடைசியில் பல்லால் நூலைக் கடித்து, தட்டிவிட்டு, “இப்ப ரெண்டு கையையும் தூக்கு” என்றார். டில்லிபாபு தூக்கினான். டவுசர் நின்றது. கரகோஷம்.

அப்புறம் வரிசை. வரிசையில் நிற்பவர்கள் பாட வேண்டும் என்பது தமயந்தியின் உத்தரவு. மேற்பார்வை முழுக்க அவளுடையது. எந்தச் சட்டைக்கு எந்தப் பட்டன் என்று அவளே பொறுக்கிக் கொடுத்தாள். தட்டிக்கு அந்தப் பக்கத்து ‘அ’ பிரிவும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டது. வாசல் தாண்டி வராந்தா வரைக்கும் வரிசை நீண்டது. என் ரவிக்கையிலும் ஒரு கொக்கி தளர்ந்திருந்தது. சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு நான் தாளம் மட்டும் போட்டேன்.

சத்தம் கேட்டு எஸ்தர் டீச்சர் வந்தார். பாட்டு அப்படியே நின்றது. அவர் வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். தன் அறைக்குத் திரும்பிப் போனார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது கையில் தன் கறுப்புக் குடையைக் கொண்டுவந்தார். குடையை மடித்துக் கட்டுகிற பட்டையில் பட்டன் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. யாரையும் முந்தாமல், வராந்தாவில் வரிசையின் கடைசியில், ஒரு குட்டிப் பையனுக்குப் பின்னால் போய் நின்றார்.

தமயந்தி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

“பெரிய டீச்சர், வரிசையில நின்னா பாடணும்.”

எஸ்தர் டீச்சர் இருபுறமும் பார்த்தார். தொண்டையைச் செருமினார். ஒரு கையால் குடையைத் துப்பாக்கி மாதிரி நிமிர்த்திப் பிடித்து, மறு கையால் சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, பாட ஆரம்பித்தார்.

சுருதி சேரவே இல்லை.